நெருக்குதலா, நிரற்படுத்தலா?

(மூன்றாம் வருடச் சிறப்புக்கலை, மொழியியல்)

கணினியின் உட்புறம் விஞ்ஞான பீடத்தாருக்கும் பொறியியற் பீடத்தாருக்குமே உரியது; கலைப்பீடத்தார் திரையில் தோன்றுவதைக் கண்டு பயன்கொண்டாற் போதும் என்றோர் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனைப் பிறர் எம்மீது சுமத்தினர் என்பதிலும் பார்க்க, நாமே விரும்பி ஏற்றுக்கொண்டோம் என்பதே பொருந்தும். அறியாமைக்கு ஓர் அனுமதிச்சீட்டுக் கிடைக்கும்போது அதனை மறுப்பவர் சிலரே.

ஆயின் இன்று மொழியாய்வும் சமூகவாய்வும் தம் தரவுகளைக் கணினியிலேயே சேமித்து வைக்கின்றன. தரவு எவ்வடிவிற் சேமிக்கப்படுகின்றது என்பதை அறியாதவர் தமது ஆய்வின் மூலச்சான்றையே அறியாதவராவர். ஏட்டுச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முனைபவர், ஏட்டின் துளையைச் சுற்றி எழுத்தில்லாத இடம் ஏன் விடப்பட்டதென்பதை அறிந்திருத்தல் வேண்டும் என வற்புறுத்தும் நாம், எமது காலத்து ஏடாகிய நினைவகத்தில் எழுத்தில்லாத இடங்கள் ஏன் விடப்படுகின்றன என்று கேளாதிருப்பது முரண்பாடன்றோ?

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விடயம் அவ்வெற்றிடங்களே. தொகுப்பான் ஒரு செய்நிரலை எந்திரமொழிக்கு மாற்றும்போது, நாம் வகுத்த கட்டமைப்பின் உறுப்புகளுக்கிடையே எமக்குச் சொல்லாமலே சில பைற்றுகளை வெறுமையாக விடுகின்றது. இதுபற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. ஒரு சாரார், வெற்றிடம் யாவும் வீண் எனக் கொண்டு, அதனை அகற்றும் கட்டளையைக் கண்டவிடமெல்லாம் இடுவர். இவர்களை நெருக்குவோர் எனலாம். மற்றொரு சாரார், அஃது எந்திரத்தின் விவகாரம், தொகுப்பான் பார்த்துக்கொள்ளும் என்பர். இவர்களைப் பாராமுகத்தார் எனலாம். இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்பவர்போற் தோன்றினும் ஒரே தவற்றின் இரு முகங்களே என்பதும், உறுப்புகளை நிரற்படுத்துதலும் வெற்றிடத்துக்குப் பெயரிடுதலும் எழுதுபவரின் கடமை என்பதும் எமது துணிபு.

1. வெற்றிடம் தோன்றுமாறு

நினைவகம் என்பது பைற்றுகளின் நீண்ட நிரை. ஒவ்வொரு பைற்றுக்கும் ஒரு முகவரி உண்டு. சி முதலிய மொழிகளில், வெவ்வேறு வகையான தரவுகளை ஒன்றாகத் தொகுத்து ஒரு பெயரால் வழங்கும் அமைப்பே கட்டமைப்பு. அதனுள் அடங்குவன உறுப்புகள். 4 பைற்று அகலமுடைய முழுவெண் 4 ஆல் மீதியின்றி வகுபடும் முகவரியிலும், 8 பைற்று அகலமுடைய மிதவைப்புள்ளி எண் 8 ஆல் வகுபடும் முகவரியிலும் தொடங்குதல் முறைவழியாக்கிக்கு இயல்பானது. இதனை எல்லைப் பொருத்தம் என்போம்.

ஒரு பைற்று அகலமுடைய எழுத்து, 4 பைற்று முழுவெண், மீண்டும் ஓர் எழுத்து என்ற நிரலில் ஒரு கட்டமைப்பை வகுத்தால், உள்ளடக்கம் 6 பைற்றுகளே. எனினும் அது கொள்ளும் இடம் 12 பைற்றுகள். முதலெழுத்தின் பின் 3 பைற்றுகள் வெறுமையாக விடப்படுவதாலேயே முழுவெண் தன் எல்லையைச் சேர்கின்றது. இறுதியெழுத்தின் பின்னும் 3 பைற்றுகள் விடப்படுகின்றன. அன்றேல் இக்கட்டமைப்புகளை வரிசையாகக் கொண்ட ஓர் அணியில் இரண்டாவதன் முழுவெண் எல்லை தவறிவிடும். இங்ஙனம் விடப்படுவனவற்றை நிரப்பிடம் என்போம். இதே உறுப்புகளை முழுவெண், எழுத்து, எழுத்து என நிரற்படுத்தினால் அளவு 8 பைற்றுகளாகக் குறைகின்றது. எதுவும் நெருக்கப்படவில்லை, எதுவும் இழக்கப்படவில்லை, நிரல் மட்டுமே மாறிற்று. இவ்வெளிய உண்மையை மனங்கொண்டு மேலே செல்வோம்.

2. எமக்கு நேர்ந்தது

வட்டார வழக்குச் சொற்களை ஒலிப்பதிவு செய்து தொகுக்கும் வேலையொன்றில் நண்பர் சிலருடன் யானும் ஈடுபட்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு பதிவு: பேச்சாளர் எப்பிரிவினர் என்பதைக் காட்டும் ஒரு பைற்றுக் குறியீடு; ஒலிநாடாவில் அச்சொல் எவ்விடத்தில் வருகின்றது என்பதைக் காட்டும் 8 பைற்று மிதவைப்புள்ளி எண்; தொடரிலக்கமாகிய 4 பைற்று முழுவெண். எம்முள் ஒருவர் கற்றிருந்த சி மொழியிற் செய்நிரல் எழுதப்பட்டது. பேச்சாளரின் பெயர் திரையிற் கேட்கப்படும். ஆனாற் கோப்பிற் சேர்க்கப்படமாட்டாது. பெயரை வெளியிடோம் என அவர்களுக்கு வாக்களித்திருந்தோம். கட்டமைப்பு நினைவகத்தில் இருந்தவாறே கோப்பில் எழுதப்பட்டது. சில வரிகளில் முடிந்த இவ்வழியின் எளிமையை அன்று மெச்சினோம்.

பழைய 32 பிற்றுக் கணினி பழுதுற்றபோது கோப்பைப் புதிய 64 பிற்றுக் கணினிக்கு மாற்றினோம். இரண்டிலும் லினக்ஸ், செய்நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. ஆயின் முதற்பதிவின் பிரிவுக் குறியீடு மட்டும் சரியாக வந்தது. ஏனைய யாவும் பொருளற்ற எண்கள். நண்பர்கள் திகைத்தனர். அப்பேச்சாளர்களுள் முதியவர் ஒருவர் அதற்கிடையிற் காலமாகிவிட்டார். அவரிடம் மீண்டுஞ் சென்று கேட்டல் இனி இயலாது.

கணினி அறிந்தோர் என நாம் நம்பிய சிலரிடம் வினவியபோது, 'நெருக்கும் கட்டளையை இடுங்கள், சரியாகிவிடும்' என்பதே மறுமொழியாயிற்று. இட்டோம்; குழப்பம் வேறு வகையாயிற்று. காரணத்தைப் பின்னரே அறிந்தோம். 32 பிற்று லினக்ஸில், கட்டமைப்பினுள் வரும் 8 பைற்று மிதவைப்புள்ளி எண்ணுக்கு 4 இன் எல்லையே போதுமென மரபு வகுத்துள்ளது. எனவே எமது பதிவு அங்கு 16 பைற்றுகள். 64 பிற்று முறைமையில் 8 இன் எல்லை வேண்டும். எனவே இங்கு அது 24 பைற்றுகள். நெருக்கினால் 13 பைற்றுகள். ஒரே மூலநிரல், மூன்று அளவுகள். கோப்பிலிருந்ததோ 16 இன் மடங்கு. மூலப்பைற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு, 16 பைற்றுக்கு ஒரு பதிவு எனப் பிரித்த பின்னரே எமது உழைப்பு மீண்டது.

இதிற் கசப்பான செய்தி ஒன்றுண்டு. மிதவைப்புள்ளி எண், முழுவெண், எழுத்து என்ற நிரலில் அக்கட்டமைப்பை வகுத்திருந்தால் இரு கணினிகளிலும் அது 16 பைற்றுகளாகவே இருந்திருக்கும். உறுப்புகளும் ஒரே இடங்களில் அமைந்திருக்கும். இடருக்குக் காரணம் நிரப்பிடமன்று. அஃது இருக்கின்றது என்பதை நாம் எண்ணிப்பாராமையே.

அதனினும் கசப்பானது வேறொன்று. பிரிவுக் குறியீட்டின் பின் நின்ற 3 வெற்றுப் பைற்றுகள் வெறுமையாக இருக்கவில்லை. முன்னர் அவ்விடத்தில் வேறெதுவோ இருந்ததன் எச்சம் அங்கு கிடந்தது. யூ.ரி.எஃப்.-8 குறிமுறையில் ஒரு தமிழெழுத்துக் குறி கொள்வது சரியாக 3 பைற்றுகள். சில பதிவுகளில் அவ்விடத்திற் காணப்பட்டது பேச்சாளரின் பெயரிலிருந்த ஓர் எழுத்தாகும். வெளியிடோம் என்று வாக்களித்த பெயரின் சிதறலை நாம் அறியாமலே கோப்பிற் பதித்திருந்தோம். அக்கோப்பைப் பிற ஆய்வாளருக்கு வழங்கவும் எண்ணியிருந்தோம்.

3. வெற்றிடம் வீணா?

இனி நெருக்குவோரின் முதற்கூற்றை ஆராய்வோம். நிரப்பிடம் வீண் என்பது அவர் கூற்று. தமிழ் பயில்வோருக்கு இக்கூற்று விந்தையாகத் தோன்றுதல் வேண்டும். இடைச்சொற்களின் வகைகளை உரைக்குமிடத்துத் தொல்காப்பியம் இசைநிறையையும் அசைநிலையையும் தனி வகைகளாக வைத்தெண்ணுகின்றது. தமக்கெனப் பொருளின்றி ஓசையை நிறைத்து நிற்பனவற்றுக்கும் இலக்கணத்தில் இடமும் பெயரும் உண்டு. நினைவகத்தின் நிரப்பிடமும் அத்தகையதே. அது தாங்கும் தரவு ஏதுமில்லை. ஆயினும் அதனாலேயே அடுத்த உறுப்புத் தன் எல்லையில் நிற்கின்றது.

இஃது உவமை நயத்துக்காகச் சொல்லப்பட்டதன்று. எந்திர வரலாறும் இதனையே கூறும். 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். முறைமை/360, எல்லை தவறிய முகவரியிலிருந்து முழுவெண்ணை எடுக்க முற்படும் செய்நிரலை இடைநிறுத்தியது. 1979 இல் வெளிவந்த மோட்டோரோலா 68000, ஒற்றைப்படை முகவரியிலிருந்து இரு பைற்றுச் சொல்லை எடுக்க மறுத்தது. ஸ்பார்க் முறைவழியாக்கிகளும் அவ்வாறே செய்நிரலை வீழ்த்தின. ஏ.ஆர்.எம். வகையின் பழைய தலைமுறைகளின் நடத்தை இவற்றினும் கொடியது: எல்லை தவறி எடுத்தாற் பிழை கூறாமல், பைற்றுகளைச் சுழற்றித் தவறான மதிப்பையே தந்தன. பிழையென்று கூவும் எந்திரத்திலும் பார்க்க, வாய்மூடிப் பொய் தரும் எந்திரமே ஆய்வாளருக்குப் பெரும் பகை.

'அவையெல்லாம் பழங்கதை, இன்றைய இன்ரெல், ஏ.எம்.டி. முறைவழியாக்கிகள் எல்லை தவறியவற்றையும் எடுத்துத் தருகின்றனவே' என்பர். பெரும்பாலும் உண்மை, இதனை மறுக்க வேண்டியதில்லை. ஒரே வரிக்குள் அடங்கும் சாதாரண எடுப்புக்கு இன்று செலவு மிகக் குறைவு. ஆனால் அம்முறைவழியாக்கிகள் நினைவகத்தைப் பதுக்கு நினைவகத்துக்கு 64 பைற்று வரிகளாகவே கொண்டுவருகின்றன. ஒரு முழுவெண் இருவரிகளின் எல்லையில் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடந்தால், இருவரிகளையும் தொட வேண்டும். பல இழைகள் ஒருங்கே இயங்குமிடத்தில் அத்தகைய எண்ணைப் பிரிவின்றி மாற்ற முற்பட்டால், முறைமை முழுவதும் ஒருகணம் தடைப்படும். மேலும், ஒரே வேளையிற் பல எண்களைக் கையாளும் அறிவுறுத்தல்களுட் சில, 16 பைற்று எல்லை தவறினால் இவ்வெந்திரங்களிலும் செய்நிரலை வீழ்த்தும்.

இன்னும் ஒன்று. வெற்றிடத்தை நாமே வலிந்து பெருக்க வேண்டிய வேளைகளும் உள. இரு இழைகள் தனித்தனியே கூட்டிச் செல்லும் இரு எண்ணிகள் ஒரே 64 பைற்று வரியில் அருகருகே இருந்தால், ஒன்று எழுதும்தோறும் மற்றதன் பதுக்குப்பிரதி செல்லாததாகிவிடும். தரவில் யாதொரு தொடர்புமில்லாத இருவர் ஒரே மேசையில் அமர்ந்தமையால் ஒருவர் வேலையை ஒருவர் கெடுக்கின்றனர். இதற்கு மருந்து, அவற்றுக்கிடையே வெற்றிடமிட்டு வெவ்வேறு வரிகளில் அமர்த்துவதே. ஈதர்நெற் தலைப்பு 14 பைற்றுகள். அதனைத் தொடரும் இணைய நெறிமுறைத் தலைப்பு அதனால் 4 இன் எல்லை தவறுகின்றது. எல்லை தவறல் செலவுமிகுந்த எந்திரங்களில், லினக்ஸ் பொதியின் முன்னே 2 வெற்றுப் பைற்றுகளை விட்டு 14 ஐ 16 ஆக்குகின்றது. இரண்டு வெற்றுப் பைற்றுகள் அதன்பின் வரும் தலைப்பு முழுவதையும் நேராக்கும்போது அவற்றை வீண் என்பது எவ்வாறு தகும்?

4. நெருக்கும் கட்டளை மறைப்பன

நெருக்கும் கட்டளை ஒரு கட்டமைப்பைச் சிறிதாக்குகின்றது என்பது வெளிப்படை. அது மறைப்பது யாது? நெருக்கிய கட்டமைப்பை அதன் பெயராலேயே தொடும்வரை தொகுப்பான் உறுப்பின் நிலையை அறியும். அதற்கேற்ற அறிவுறுத்தல்களை ஆக்கும். ஆனால் ஓர் உறுப்பின் முகவரியை எடுத்து வேறொரு செயற்கூற்றுக்குக் கொடுத்துவிட்டால், 'இது நெருக்கப்பட்ட இடத்திலிருந்து வந்தது' என்ற செய்தி அம்முகவரியோடு செல்வதில்லை. பெறுபவர் அது எல்லையில் நிற்பதாகவே கொள்வார். சி மொழியின் நியமப்படி அந்நிலையில் நிகழ்வதற்கு யாதோர் உறுதியும் இல்லை. ஒரு கணினியில் ஓடும், மற்றொன்றில் வீழும்.

இங்கு வரலாற்றை நோக்குதல் தகும். 1970 இல் நிக்கிளவுஸ் விர்த் வெளியிட்ட பஸ்கால் மொழியில், பொதிந்து வை எனக் கூறும் சொல் மொழியின் பகுதியாகவே இடம்பெற்றது. பொதிந்த கட்டமைப்பின் உறுப்பை, மாற்றத்துக்குரிய அளபுருவாகப் பிறிதொரு செயன்முறைக்குக் கொடுத்தலாகாது எனப் பஸ்காலின் நியமம் விலக்கியது. கோபோல் மொழியில் எல்லையில் நிறுத்துமாறு பணிக்கும் வாசகம் உண்டு. அதனால் எழும் வெற்றிடங்களுக்கு ஐ.பி.எம். கைந்நூல்கள் தனிப்பெயரும் வழங்கின. பி.எல்./1 மொழியில் எல்லையில் நிற்பதும் நில்லாததும் வெளிப்படையாகக் கூறத்தக்க பண்புகள். 1983 இன் ஏடா மொழியோ, ஓர் உறுப்பு எவ்விடத்தில் எப்பிற்றில் தொடங்கி எப்பிற்றில் முடியும் என எழுத்திற் கூற இடமளித்தது. இவை யாவும் வெற்றிடத்தைப் பேசத்தக்க பொருளாகக் கொண்ட மொழிகள். சி மொழியின் நியமமோ நெருக்குதல் பற்றி வாய்திறக்கவில்லை; தொகுப்பான்களை ஆக்கியோர் தத்தம் விருப்பப்படி கட்டளைகளை உண்டாக்கினர். நெருக்கிய உறுப்பின் முகவரியை எடுப்பது ஆபத்து என ஜி.சி.சி. தொகுப்பான் இயல்பாகவே எச்சரிக்கத் தொடங்கியது 2019 இல் வந்த 9 ஆம் பதிப்பிலேயே. பஸ்கால் விலக்கிய ஒன்றை இம்மரபு எச்சரிக்கவே அத்துணை ஆண்டுகள் சென்றன.

நெருக்கினால் கோப்பு எவ்விடத்தும் ஒன்றாயிருக்கும் என்பது அவரது அடுத்த கூற்று. இதுவும் மயக்கமே. சி மொழியின் 'லோங்' வகை முழுவெண் 64 பிற்று விண்டோஸில் 4 பைற்றுகள். 64 பிற்று லினக்ஸில் 8 பைற்றுகள். பல பைற்றுகளைக் கொண்ட எண்ணின் எப்பைற்று முதலில் நிற்கும் என்பதும் எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடும். நெருக்கும் கட்டளை இவ்விரண்டில் எதனையும் தீர்ப்பதில்லை. வெற்றிடத்தை மாத்திரம் அகற்றிவிட்டு, யாவும் தீர்ந்ததென்ற எண்ணத்தைத் தருகின்றது.

நெருக்குதல் என்றுமே தகாது என்பது எமது வாதமன்று. பிறர் வகுத்த அமைப்பை நாம் ஏற்கவேண்டிய இடங்கள் உள. விண்டோஸின் பிற்றுப்படக் கோப்பின் தலைப்பு 14 பைற்றுகள். 2 பைற்றுக் குறியை அடுத்து 4 பைற்று அளவு வருகின்றது. இயல்பான எல்லைப்படி வகுத்தால் 16 ஆகிவிடும். எனவே அங்கு நெருக்குதல் வேண்டியதாயிற்று. லினக்ஸில், நிகழ்வுகளை அறிவிக்கும் ஒரு கட்டமைப்பு 64 பிற்று இன்ரெல் வகை எந்திரங்களில் மட்டும் நெருக்கப்பட்டு 12 பைற்றுகளாக உள்ளது. ஏனைய 64 பிற்று எந்திரங்களில் 16. பழைய 32 பிற்று அமைப்போடு ஒத்திருத்தலே காரணம். இவற்றைக் கூர்ந்து நோக்கின், முன்னொருகால் நிரல் எண்ணப்படாமையின் கடனைப் பின்வந்தோர் செலுத்துவதே பெரும்பாலும் நெருக்குதலாக அமைகின்றது என்பது புலனாகும்.

5. தொகுப்பான் பார்த்துக்கொள்ளுமா?

இனிப் பாராமுகத்தாரை நோக்குவோம். தொகுப்பான் அறிவுடையது, அது மிகச் சிறந்த அமைப்பைத் தேர்ந்துகொள்ளும் என்பர். சி மொழியிற் தொகுப்பானுக்கு அவ்வுரிமை இல்லை. உறுப்புகள் எழுதப்பட்ட நிரலிலேயே முகவரிகள் ஏறிச்செல்லுதல் வேண்டும் என்பது அம்மொழியின் நியமம். நாம் பிழையாக நிரற்படுத்தினால், தொகுப்பான் அப்பிழையைப் பேணி, இடைவெளிகளை மட்டும் நிரப்பித் தரும். ரஸ்ற் மொழியில் நிரலை மாற்றும் உரிமை தொகுப்பானுக்கு உண்டு. ஆயின் அங்கும் பிற மொழியோடு பகிரவேண்டிய கட்டமைப்பாயின், சி மொழியின் நிரலைப் பேணுக என எழுதுபவரே கூறுதல் வேண்டும். பொறுப்பு நீங்கவில்லை, கூறவேண்டிய இடமே மாறிற்று.

பொறுப்புடன் நிரற்படுத்தியோர் செய்ததற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். லினக்ஸ் முதலியவற்றில் வழங்கும் ஈ.எல்.எஃப். என்னும் நிறைவேற்றுக் கோப்பு அமைப்பில், குறியீட்டு அட்டவணையின் ஒவ்வோர் உள்ளீடும் 32 பிற்று வடிவில் 16 பைற்றுகள்: பெயர், மதிப்பு, அளவு ஆகிய 4 பைற்று உறுப்புகள் மூன்று; பின்னர் சிறிய உறுப்புகள் மூன்று. 64 பிற்று வடிவில் மதிப்பும் அளவும் 8 பைற்றுகளாக விரிந்தன. பழைய நிரலையே பேணியிருந்தால் ஓர் உள்ளீடு நிரப்பிடங்களுடன் 32 பைற்றுகளாகியிருக்கும். வகுத்தவர்கள் சிறிய உறுப்புகளைப் பெயரின் அருகே முன்னகர்த்தினர். 4, 1, 1, 2 ஆகியன சேர்ந்து 8 ஆகி, அடுத்து வரும் இரு 8 பைற்று உறுப்புகளும் தம் எல்லையில் நின்றன. மொத்தம் 24. ஒரு பைற்றும் வீணாகவில்லை. நெருக்கும் கட்டளையும் தேவைப்படவில்லை. எழுதுபவர் நிரலைச் சிந்தித்தார், அவ்வளவே.

6. பெயரிடப்படாத வெற்றிடத்தின் ஆபத்து

எமது கோப்பிற் கண்ட பெயரின் சிதறல் தனியொரு விபத்தன்று. ஈதர்நெற் பொதியின் தரவுப்பகுதி குறைந்தது 46 பைற்றுகளாக இருத்தல் வேண்டும். குறைந்தால் வெற்றுப் பைற்றுகளால் நிரப்புதல் வேண்டும். பூச்சியங்களால் நிரப்புவதற்குப் பதிலாக, பல வலையமைப்பு இயக்கிகள் நினைவகத்தில் எஞ்சிக் கிடந்தவற்றையே நிரப்பாக அனுப்பிவந்தன என்பது 2003 ஜனவரியில் வெளிப்படுத்தப்பட்டது. 'ஈதர்லீக்' என அழைக்கப்பட்ட இக்குறைபாட்டினால், முன்னர் சென்ற பொதிகளின் துணுக்குகளை அயலார் திரட்டக்கூடியதாயிற்று. அஃது ஒரு கட்டமைப்பின் நிரப்பிடமன்று, ஒரு பொதியின் நிரப்பிடமே. எனினும் நோய் ஒன்றே. பணிசெயல் முறைமைகளின் கருவிலிருந்து பயனருக்குக் கட்டமைப்புகள் பிரதிசெய்யப்படும்போது, நிரப்பிடத்தின் எச்சம் வெளியேறிய குறைபாடுகளும் மீண்டும் மீண்டும் கண்டு திருத்தப்பட்டுள்ளன.

முன்கூட்டியே கட்டமைப்பு முழுவதையும் பூச்சியமாக்கினாற் போதாதா என வினவலாம். பெரும்பாலும் உதவும், ஆனால் உறுதி இல்லை. ஓர் உறுப்பில் மதிப்பை எழுதும்போது நிரப்பிடப் பைற்றுகள் எம்மதிப்பையும் கொள்ளலாம் என சி மொழியின் நியமமே கூறுகின்றது. இக்காரணத்தாலேயே, எல்லா உறுப்புகளும் ஒத்த இரு கட்டமைப்புகளைப் பைற்றுக்குப் பைற்று ஒப்பிட்டால் அவை வேறெனத் தோன்றலும் கூடும். வெற்றிடத்துக்கு நாம் ஒரு பெயரிட்டு அதனையும் உறுப்பாக்கிவிட்டால் நிலை மாறுகின்றது. அப்போது அது நிரப்பிடமன்று, உறுப்பு. அதில் நாம் இட்ட பூச்சியம் மொழியின் நியமத்தாற் காக்கப்படும். பெயரிடுதல் வெறும் அலங்காரமன்று, பாதுகாப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. லினக்ஸ் கருவின் ஆவணங்களும், பயனருடன் பகிரும் கட்டமைப்புகளில் உறுப்புகளை அவற்றின் இயல்பான எல்லையில் வைத்து, வெற்றிடத்தை வெளிப்படையாக எழுதி, அது பூச்சியமா எனச் சோதிக்குமாறு இயக்கி எழுதுவோருக்கு அறிவுறுத்துகின்றன.

7. வேண்டுவன

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, கட்டமைப்பை வகுப்பவர் பேருறுப்பு முதலாகச் சிற்றுறுப்பு ஈறாக நிரற்படுத்தும் வழக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும். வேறு நிரல் தேவையெனில் காரணத்தை அருகே எழுதல் வேண்டும். இரண்டாவது, வெளியே செல்லும் எந்தக் கட்டமைப்பிலும் எஞ்சும் வெற்றிடத்துக்குப் பெயரிட்டுப் பூச்சியமிடல் வேண்டும். கட்டமைப்பின் அளவும் உறுப்புகளின் இடமும் எண்ணியவாறு உள்ளனவா என்பதைத் தொகுக்கும் வேளையிலேயே சோதித்தல் வேண்டும். 2011 இன் சி நியமம் இதற்கு வழிவகுத்துள்ளது. வெற்றிடங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் 'பாஹோல்' போன்ற கருவிகளும் உள்ளன. மூன்றாவது, நினைவகத்தின் பிரதியைக் கோப்பெனக் கொள்ளும் சோம்பலை ஒழித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாக, அகலமும் பைற்றுநிரலும் கூறி எழுதல் வேண்டும். நான்காவது, நெருக்கும் கட்டளையைப் பிறர் வகுத்த அமைப்பை ஏற்கவேண்டிய இடத்துக்கு மட்டும் ஒதுக்கி, அங்கும் உறுப்பின் முகவரியை வெளியே கொடாது பிரதிசெய்துகொள்ளல் வேண்டும்.

இவற்றைச் செய்யப் பொறியியல் மேதைமை வேண்டுவதில்லை. பதிப்பாசிரியர் ஒருவரின் கவனமே போதும். பாடவேறுபாட்டையும் ஏட்டின் சிதைவையும் குறித்துவைக்கக் கற்ற கலைப்பீடத்தாருக்கு அக்கவனம் புதியதன்று. அதனைக் கணினியின்முன் அமரும்போது கழற்றி வைத்துவிடுவதே எமது குறை. எமது பாடநெறிகளிற் கணினி இடம்பெறுமாயின், அதில் திரையை இயக்கும் பயிற்சியோடு தரவின் அமைப்பை வாசிக்கும் பயிற்சியும் இடம்பெறுதல் வேண்டும். கட்டமைப்பின் அளவு யாதெனக் கேட்டு ஓர் எண்ணை எதிர்பார்க்கும் பரீட்சை வினா போதாது. அவ்வளவு ஏன் வந்தது, எவ்வாறு மாற்றலாம் எனக் கேட்கும் வினாவே வேண்டும்.

எமது கோப்பை மீண்டும் எழுதிவிட்டோம். இப்போது ஒவ்வொரு பதிவும் எந்தக் கணினியிலும் 16 பைற்றுகள். அவற்றுள் இறுதி மூன்றுக்கு 'வெற்றிடம்' என்றே பெயரிட்டுள்ளோம். அவற்றில் மூன்று பூச்சியங்கள் உள்ளன. யாருடைய பெயரின் எழுத்தும் அங்கில்லை. காலமான அம்முதியவர் கூறிய சொற்கள் தத்தம் இடத்தில் நிற்கின்றன. அவருக்கு நாம் கொடுத்த வாக்கும் நிற்கின்றது.